ஒற்றருக்கு ஒரு ‘வாங்க’

நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது டிவியில் அந்தப் படம் ஓடியது. டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து, அதன்மேல் உட்கார்ந்து நீங்களும் நானும் பார்த்தோமே, அதே உளவாளிப் படம். பாதியில் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. கடைசிவரை பார்த்து, கடைசிவரை எரிச்சல்பட்டேன். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. இதைப் படிக்கப் போவதில்லை என்பதால் எழுதுவது சுலபமாக இருக்கிறது.

உங்களை ‘நீங்கள்’ என்றே எழுதுகிறேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

அன்றைக்கு வியந்து பார்த்த படம் இன்றைக்கு எவ்வளவு முட்டாள்தனமாக இருக்கிறது! எதிரிக் கூட்டம் ஓர் அழகியை அனுப்பி, ராணுவ அதிகாரியை மயக்கி வரைபடத்தைத் திருடி வரச் சொல்கிறது. அவள் மூன்று பாட்டுப் பாடுகிறாள், ஆறு உடை மாற்றுகிறாள், பாலில் மருந்து கலக்கிறாள். அந்த அதிகாரியோ நாட்டின் வரைபடத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். நம்மூர்த் தலையாரி விதைநெல்லை அதைவிடப் பத்திரமாக வைப்பார். பிறகு அவளுக்கு அவர்மேல் காதல் வந்துவிடுகிறது. இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கண்ணாடி முன் நின்று அழுகிறாள். கடைசியில் அவருக்கு வந்த குண்டைத் தன் மார்பில் வாங்கிக்கொண்டு, சாவகாசமாக வசனம் பேசிவிட்டுச் சாகிறாள்.

கொட்டகையே அழுதது. நீங்களும் அழுதீர்கள். வரப்பு வழியாக வீட்டுக்குத் திரும்பும்போது சொன்னீர்கள்:

“பாவம்டா அவ. ரெண்டு பக்கத்துக்கும் உண்மையாத்தானடா இருந்தா.”

“ரெண்டு பக்கத்துக்கும் உண்மைன்னா அப்ப யாரைடா ஏமாத்துனா?” என்றேன்.

“உனக்கு சினிமா பாக்கத் தெரியலடா” என்று சிரித்தீர்கள்.

எட்டாவது வரை படித்தவர் நீங்கள். நான் பள்ளிக்கூடத்து வாசலைப் பார்க்காதவன். சுவரொட்டியையும் சங்கத்து நோட்டீசையும் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிக்கப் பழகியவன். எனக்குச் சினிமா பார்க்கத் தெரியாது என்று நீங்கள் சொன்னால் நம்பினேன். ஒற்றர் என்றால் அழகியாகத்தான் இருப்பார், கூடவே வாசனையும் பாட்டும் வரும் என்றும் நம்பினேன். கடலை வாங்கினால் பாதியை என் மடியில் கொட்டிவிட்டுப் பக்கத்தில் உட்காருகிறவரைச் சந்தேகப்பட எந்தப் படமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அது ஆட்சி மாறி, மேடைகளில் கூலிக்காரனையும் ‘பெரியோர்களே’ என்று விளிக்கத் தொடங்கியிருந்த காலம். மிராசுதாரின் தோளிலும் கரைபோட்ட துண்டு ஏறியிருந்தது. துண்டுதான் புதியது. வயலில் இறங்கினால் எங்களுக்கு அதே பழைய ‘வாடா, போடா’தான். என் அப்பாவைவிடப் பத்து வயது சின்னவர் மிராசுதாரின் காரியஸ்தர். அவர் அப்பாவை ‘டேய்’ என்றுதான் கூப்பிடுவார். நமக்குள் நாம் சொல்லிக்கொண்ட ‘டேய்’ வேறு, அவர் வாயிலிருந்து வந்த ‘டேய்’ வேறு. எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

வாய்க்காலை ஒட்டி மூன்று மா நிலத்தை அப்பா குத்தகைக்குச் செய்துவந்தார். அதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. எல்லாம் வாய்வார்த்தை. உழுகிறவன் பெயரைப் பதிவு செய்யலாம் என்று சட்டம் வந்ததும் விவசாயச் சங்கத்தின் மூலம் மனுப் போட்டோம். அவன் என் பண்ணையாள், குத்தகைக்காரன் இல்லை என்று மிராசுதார் பதில் எழுதினார். வெள்ளிக்கிழமை ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வயலுக்கு நேரில் வந்து பார்ப்பதாக முடிவானது. குத்தகைக்காரன் என்று எழுதினால் நிலம் எங்கள் கையில் நிற்கும். கூலியாள் என்று எழுதினால் அன்றோடு போய்விடும்.

சங்கச் செயலாளர் ஒரு யோசனை சொன்னார். கதிர் முற்றித் தலைசாய்ந்துவிட்டது, இருந்தாலும் அறுக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை அதிகாரியின் கண்முன்னால் அப்பா அரிவாளோடு இறங்கட்டும், தன் பயிரைத் தானே அறுக்கட்டும். அதைவிடச் சாட்சி வேண்டாம் என்றார். இது தெரிந்தவர்கள் நான்கே பேர். செயலாளர், அப்பா, நான், நீங்கள்.

முதல்நாள் வியாழக்கிழமை திருவிடைமருதூரில் சங்கக் கூட்டம். ஊர் ஆண்கள் எல்லோரும் கிளம்பினோம். அப்பா மட்டும் வயலுக்குக் காவல் இருப்பதாகச் சொன்னார். அப்போது நீங்கள் அவரிடம் எவ்வளவு அன்பாகப் பேசினீர்கள்! “மாமா, நீங்களும் வாங்க. நாளைக்கி நல்ல காரியம். மகாலிங்க சாமியப் பாத்துட்டு வந்தா மனசுக்குத் தெம்பா இருக்கும்” என்றீர்கள். அப்பாவுக்கு அந்தக் கோயிலின்மேல் பெரிய ஆசை என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் படத்துப் பெண் மூன்று பாட்டில் செய்ததை நீங்கள் மூன்று வாக்கியத்தில் செய்தீர்கள்.

பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அப்பா அந்தப் பெரிய பிராகாரத்தைச் சிறுபிள்ளைபோல இரண்டு தடவை சுற்றி வந்தார். திருநீற்றைக் காகிதத்தில் மடித்து, வயலில் தூவ வேண்டும் என்று இடுப்பில் செருகிக்கொண்டார். நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது வயலில் அறுத்த தாள்தான் நின்றது. வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்து, கட்டி, களத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். தடுக்கப்போன பெண்களைப் போலீஸ் வாய்க்கால் கரையிலேயே நிறுத்திவிட்டது. அப்பா இடுப்பிலிருந்த பொட்டலத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி செருகிக்கொண்டார்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். அறுத்த வயலையும், களத்தில் கிடந்த கட்டுகளையும் பார்த்தார். வரப்பில் காரியஸ்தர் ராஜநடை போட்டார். அப்பாவைப் பார்த்து, “வரப்ப விட்டு எறங்குடா” என்றார். என்னைப் பார்த்து, “நீ என்னடா மொறைக்கிற, தள்ளிப் போடா” என்றார். எனக்கு அடுத்து நின்றவர் நீங்கள். அதே வேகத்தில் திரும்பியவர், “நீங்க கொஞ்சம் ஒதுங்கிக்கங்க” என்றார்.

வாய் தவறி வந்துவிட்டது. பழக்கம்.

கூட்டத்தில் யாரோ, “பாருங்கடா, சங்கத்தக் கண்டதும் ஐயாவுக்கு மரியாதை தன்னால வருது” என்று கேலி பேச, எல்லோரும் சிரித்தார்கள். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். அகப்பட்டுக்கொண்டோம் என்ற பயம் வந்தது உண்மைதான். ஆனால் அது இரண்டாவதாக வந்தது. முதலில் வந்தது சந்தோஷம். நாலு பேர் முன்னால் அந்த வாயிலிருந்து ‘ங்க’ கிடைத்த சந்தோஷம்.

இன்ஸ்பெக்டர் பண்ணைச் சாகுபடி என்று எழுதிவிட்டுப் போனார்.

அன்றைக்கே மதகுக்குப் பக்கத்தில் உங்களைப் பிடித்தேன். மழுப்புவீர்கள் என்று நினைத்தேன். அந்த மட்டுக்கும் மழுப்பவில்லை.

“மிராசு வீட்டு முகப்புல காரியஸ்தரே நாற்காலி எடுத்துப் போட்டு, ‘வாங்க, ஒக்காருங்க’ன்னார்டா. எவர்சில்வர் டம்ளர்ல காப்பி குடுத்தாங்க. அந்த வாசல்ல எங்கப்பன் துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு நின்னவன்டா.”

“அதுக்கு எங்கப்பா வயலா?”

“வயலயா கேட்டாங்க? எப்ப அறுக்கிறீங்கன்னுதான்டா கேட்டாரு. வாங்க வாங்கன்னு கூப்பிட்ட மனுசன்கிட்ட எப்படிடா பொய் சொல்றது?”

இத்தனை வருஷத்தில் இதைவிடக் கேவலமான வாக்கியத்தை நான் கேட்டதில்லை. எங்களிடம் பொய் சொல்ல உங்களுக்கு ஒரு தயக்கமும் இல்லை, ஏனென்றால் நாங்கள் உங்களை ‘டேய்’ என்று கூப்பிடுகிறவர்கள். அடிக்கத்தான் போனேன். கை ஓங்கிய பிறகு, அடி உங்களுக்குப் போதாது என்று தோன்றியது. கையை இறக்கிவிட்டுச் சொன்னேன்:

“சரிங்க. போயிட்டு வாங்க.”

உங்கள் முகம் அப்போது போன போக்கை, நேற்று அந்த நடிகை குண்டடி பட்ட முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அவளுக்கு நடிக்கத் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து என் வீட்டுக் கொல்லைப்பக்கம் வந்து நின்று, “நாளைக்கி ஊர்ல இருக்காத, போலீஸ் பட்டியல்ல உன் பேரு இருக்கு” என்று சொல்லிவிட்டு ஓடினீர்கள். அங்கே காதில் விழுந்ததை இங்கே கொண்டுவந்தீர்கள். நான் வேதாரண்யத்துக்குப் போய்ச் சில மாதம் உப்பளத்தில் வேலை செய்துவிட்டுத் திரும்பினேன். நீங்கள் சொன்னதற்கு மறுநாள் போலீஸ் வந்து நான்கு பேரைப் பிடித்துக்கொண்டு போனது. அவர்களுக்கு ஏன் சொல்லவில்லை? அந்தப் பெண்ணைப்போல, கடைசியில் ஒரு குண்டை வாங்கிக்கொண்டால் கணக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தீர்களா? அதற்கு நான் நன்றி சொல்லவில்லை. இப்போதும் சொல்லப் போவதில்லை.

சங்கத்தில் நான் உங்களைக் காட்டிக் கொடுக்கவில்லை. சொல்லியிருந்தால் உங்களுக்குக் கைகால் மிஞ்சியிருக்காது. அதை இரக்கம் என்று எண்ணிக்கொண்டு செத்திருந்தால் அது உங்கள் பிழை. அப்பாவிடமும் சொல்லவில்லை. அடுத்த அறுப்புக்கு அவர் அதே மூன்று மாவில் கூலிக்கு இறங்கினார். கரையில் உங்களைப் பார்த்து, “வா மாப்ள, கஞ்சி குடிச்சியா” என்று கேட்டார். நீங்கள் தலையாட்டினீர்கள். எப்படித்தான் ஆட்டினீர்களோ.

அதற்குள் உங்கள் நாற்காலியும் மடங்கிவிட்டது. கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டதே, இனி எதற்கு நாற்காலி? ஒருநாள் களத்துமேட்டில் காரியஸ்தர் உங்களை, “டேய், சாக்க எடுடா” என்று கூப்பிட்டதை நான் காதால் கேட்டேன். சந்தோஷப்பட்டேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் உங்களுக்கு மரியாதை நிற்கவில்லை. அதை நான் கொடுத்தேன். டீக்கடையில், ரேஷன் கடையில், கல்யாண வீட்டில், எங்கே பார்த்தாலும், “வாங்க, நல்லாருக்கீங்களா?” என்பேன். ஊரார், வயதானபின் நான் பண்பாகப் பேசக் கற்றுக்கொண்டதாக நினைத்தார்கள். உங்கள் பேரப்பிள்ளைகள்கூட, தாத்தாவுக்கு எவ்வளவு மரியாதை பார் என்றார்கள். நீங்கள் மட்டும் ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொண்டீர்கள். ஒரு ‘வாங்க’வுக்காக விற்ற மனிதருக்கு ஆயுள் முழுக்க ‘வாங்க’ கிடைத்தது. குறைசொல்ல என்ன இருக்கிறது?

போன ஐப்பசியில் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள். பிடியில் வலுவே இல்லை.

“ஒரே ஒரு தடவ டேய்னு கூப்பிடுறா.”

“ஒடம்பப் பாத்துக்கங்க” என்றேன்.

சாவுக்கு வந்தேன். வாய்க்கரிசி போட என்னையும் கூப்பிட்டார்கள். ஊருக்குத் தெரிந்தவரை நாம் உயிர் நண்பர்கள் அல்லவா. போட்டேன். குனிந்தபோது, கொட்டகையிலிருந்து வரப்பு வழியாகச் சிரித்துக்கொண்டே வந்த அந்த முகம் ஒரு கணம் தெரிந்தது. அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நீங்கள் கேட்டது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. தரமாட்டேன். ஆனால் ஒன்றை நேற்றுப் படம் முடிந்து டிவியை அணைத்தபோதுதான் கவனித்தேன். மதகுப் பக்கத்தில் அன்றைக்கு நின்றதிலிருந்து இன்றுவரை, நான் வேறு யாரையும் ‘டேய்’ என்று கூப்பிட்டதே இல்லை.