சாயம் ஒட்டாத கை

செப்டம்பர் 28
அறுவடையின் மூன்றாம் நாள். எங்கள் சபேராவி திராட்சைக்குத் தோல் மட்டுமல்ல, சதையும் சிவப்பு. சாயங்காலம் எல்லார் கையும் கறுத்திருந்தது. கூலிக்குப் பறிக்க வந்த த்சியாலா கை மட்டும் வெளுப்பு. “வேலை செஞ்ச கையாடி இது?” என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அவள் பதினாறு கூடை பறித்திருக்கிறாள். என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

செப்டம்பர் 29
விடிந்ததும் அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். “அது கிடக்கட்டும் அக்கா. நான் பறிச்ச கடைசி வரிசையில மிச்சமிருக்கிற ஒரு பழத்தைப் பிழிஞ்சு பாருங்க.”

பிழிந்தேன். தோல் கறுப்பு, சாறு தண்ணீர் நிறம்! பதின்மூன்று கொடியும் அப்படியே. இது சபேராவியே இல்லை. பதினோரு வருஷமாக இந்த வீட்டு மருமகள் - ஒருநாளாவது பிழிந்து பார்த்தேனா?

செப்டம்பர் 30
மாமனார் வக்தாங்கிடம் சொன்னேன். முகம் சுண்டிவிட்டது. எங்கள் புட்டிகளில் ‘சபேராவி மட்டும்’ என்று போட்டது அவர்தான். பனிக்காலத்தில் அந்தக் கொடிகளைப் பிடுங்கிவிடுவாராம், வெளியே மூச்சு விடக்கூடாதாம். பறித்த அந்தப் பதினாறு கூடைப் பழத்தை என்ன செய்ய என்றேன். பன்றிக்குப் போடச் சொன்னார். நானோ அதை நசுக்கி, ஒயினாகட்டும் என்று சின்னத் தாழியில் தனியாகப் போட்டுவிட்டேன்.

ஆனால் இது என்ன கொடி? யார் நட்டது? தெரியாமல் எப்படித் தூங்குகிறார் மனுஷன்?

அக்டோபர் 21
தாழியில் நொதிப்பு அடங்கியது. மாதுளை நிறம். அந்தக் கொடிகளின் இலைகளைச் சோதனைக்குத் தலைநகர் திபிலிசி ஆய்வகத்துக்கு அனுப்பினேன்.

நவம்பர் 19
பதில் வந்தது. அவர்களிடம் பதிவான எந்த வகையோடும் இது ஒத்துப்போகவில்லையாம். ஓடிப்போய்க் காட்டினால், மாமா கடப்பாரையோடு நிற்கிறார்! பேரில்லாததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்கிறார். “ஐயோ, பிடுங்கிட்டா அப்புறம் எங்க போய்த் தேடுறது?” என்று கெஞ்சினேன்.

“கிறிஸ்துமஸ் வரைக்கும் விடறேன். அப்புறம் அழக்கூடாது.”

டிசம்பர் 12
பனி. தினமும் போய் எண்ணுகிறேன். பதின்மூன்று.

ஜனவரி 7
எங்கள் பழைய நாட்காட்டிப்படி இன்றுதான் கிறிஸ்துமஸ். தாழியைத் திறந்தோம். மாமா ஒரு வாய் குடித்தார். இரண்டாவது கோப்பையைத் தானே மொண்டுகொண்டார். பிறகு, “அந்தப் பொண்ணு த்சியாலாவையும் கூப்பிடு” என்றார். நல்லதா கெட்டதா என்று மட்டும் சொல்லவில்லை. கேட்கப் பயம்.

பிப்ரவரி 24
காலையில் மாமாவைக் காணோம், கடப்பாரையையும் காணோம். கடைசி வரிசைக்கு ஓடினேன். பதின்மூன்றும் கவாத்து முடிந்து நின்றன; பக்கத்தில் மாமா. கீழே ஈரச்சாக்கில், நடுவதற்கு நறுக்கிய குச்சிகள் - நூறுக்கு மேல் இருக்கும்.

“இவ்வளவையும் எங்க மாமா நடறது?”

“மேட்டுல ரெண்டு வரிசை சபேராவியைப் பிடுங்கிட்டேன்” என்றார், என்னைப் பார்க்காமல். “அங்கதான்.”