உன் வீட்டு ஆணியில் என் சாவி

இன்று காலை உன் மருமகள் என் வீட்டு மாற்றுச் சாவியோடு வந்து நின்றாள். நீ கட்டிய சிவப்பு நூல் வெளுத்துப்போய் இன்னும் அதில் தொங்குகிறது. “மகன்கூடச் சென்னைக்கே போறீங்களாமே பெரியம்மா, அதான் கொடுத்துடலாம்னு” என்றாள். சாவியை மோந்து பார்த்தேன். உன் சமையலறைப் பெருங்காய வாசனை போகவே இல்லை. உன்னிடம் சொல்லாமல் எனக்கு எது நடந்திருக்கிறது? அதனால் எழுதுகிறேன். அஞ்சாம் கிளாஸ் எழுத்துதான், சிரிக்காதே. நீயும் என்னோடு அதே அஞ்சாம் கிளாஸில் நின்றவள்தான்.

அந்தச் சாவி உன் வீட்டுக்கு வந்த கதை நினைவிருக்கிறதா? நாம் இருவரும் பிறந்த ஸ்ரீரங்கத்திலேயே அடுத்தடுத்த வீடுகளில் வாழ்க்கைப்பட்டு வந்த முதல் ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபப் படித்துறையில் நிற்க இடமில்லாத கூட்டம். குளிக்கும்போது விழுந்துவிடப் போகிறதே என்று வீட்டுச் சாவியைப் பூஜைத் தட்டில் பத்திரமாக வைத்திருந்தேன். எதிர்க்கரையில் யாரோ பட்டம் விட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டே மஞ்சள், பூ, காதோலை, கருகமணி எல்லாவற்றோடும் சாவியையும் காவேரியில் விட்டுவிட்டேன். காதோலை மிதந்து போனது. சாவி மிதக்குமா?

“போச்சுடி. இனிமே உன் வீட்டைக் காவேரி வந்துதான் திறக்கணும்” என்று சொல்லிவிட்டு, படியிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பிறகு நீயே ஆள் கூட்டி வந்து பூட்டைத் திறக்க வைத்து, இரண்டு சாவி செய்ய வைத்தாய். ஒன்றை என் முந்தானையில் முடிந்தாய். இன்னொன்றை உன் சமையலறை ஆணியில் மாட்டினாய். “இது எங்கிட்ட இருக்கட்டும். அடுத்த ஆடியும் வரும், நீயும் வருவே.”

அன்று தொடங்கியது கொல்லைச் சுவருக்கு மேலே உன் குரல். “ஏண்டி, பால்.” “ஏண்டி, மோட்டாரை நிறுத்தினியா?” “ஏண்டி, பிள்ளை ஸ்கூல்லேர்ந்து வர்ற நேரம்.” நான் “தெரியும் போடி” என்பேன். சொல்லிக்கொண்டே அடுப்புக்கு ஓடுவேன்.

போன வருஷம் நீ போய்ச் சேர்ந்தாய், சுவர் ஊமையானது. பால் தினமும் பொங்கி வழிந்தது. மாடித் தொட்டி நிரம்பித் தெருவில் ஓடியது. ஒருநாள் அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு, வாசலில் வந்த பஸ்ஸைப் பார்த்ததும் ஏறித் திருவானைக்காவல் போய்விட்டேன். வீட்டுக்குள் புகை மண்டியது. இந்தச் சாவியால்தான் உன் மருமகள் திறந்து அணைத்தாள்.

சென்னையிலிருந்து மகன் ஓடி வந்தான். கோபிக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “அம்மா, இது மறதி நோயோன்னு தோணுது. தனியா இருந்தது போதும், எங்களோட வந்துடுங்க.” எனக்கும் அந்தச் சந்தேகம்தான். வீடு போவது ஒருபக்கம், புத்தியே போகிறதோ என்பது இன்னொருபக்கம்.

பேத்திதான் குறுக்கே நின்றாள். அவள் காலேஜில் மனோதத்துவம் படிக்கிறாள். இதை நாலு பேரிடம் சொல்லாமல் நான் காய்கறி வாங்குவதில்லை. “முதல்ல டாக்டரைப் பார்க்கலாம்ப்பா” என்றாள்.

தில்லை நகரில் ஒரு லேடி டாக்டர். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். வார்த்தைகள் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். கடிகாரம் வரையச் சொன்னார், வரைந்தேன். அவர் வேறு எதையோ எழுதிக்கொண்டிருந்தாரா, பக்கத்தில் ஒரு கிளியும் வரைந்தேன். அதைப் பார்த்துச் சிரித்தவர், கேள்வியை மாற்றினார்.

“சின்ன வயசிலேயே இப்படித்தானா பாட்டி? அப்போலேர்ந்து உங்களைத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?”

“இருந்தா. அவ என்ன சொல்லுவான்னு நான் சொல்லட்டுமா?”

உன் குரலிலேயே சொன்னேன். “இவளைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துட்டுப் போறதே எனக்கு வேலை டாக்டர். கோயில் யானை தண்ணி எடுக்கப் போகும். திரும்பிப் பார்த்தா இவளைக் காணோம், யானை பின்னாடி கொள்ளிடம் போயிருப்பா. சிலேட்டு எங்கன்னு கேட்டா முழிப்பா. வாத்தியார்கிட்ட அடி மட்டும் எனக்கும் சேர்த்து.” காவேரியில் விட்ட சாவியையும் சொன்னேன், கொல்லைச் சுவரையும் சொன்னேன். பேத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மறுபடியும் சில முறை வரச் சொல்லிப் பேசிவிட்டுத்தான் முடிவைச் சொன்னார். “இது மறதி நோய் இல்ல பாட்டி. இதுக்குப் பேர் ஏ.டி.எச்.டி. கவனம் தனக்குப் பிடிச்ச பக்கம் ஓடிடும். சின்ன வயசிலேர்ந்தே உங்க கூட இருக்கு. புத்தியில ஒரு குறையும் இல்ல.”

மகன் நம்பவில்லை. “அப்படின்னா இத்தனை வருஷம் ஏன் தெரியல டாக்டர்? இந்த ஒரு வருஷமாத்தானே இப்படி?”

“இத்தனை வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தங்க இருந்தாங்களே சார்.”

அவன் என்னைப் பார்த்தான். நான் முந்தானையில் சாவி முடிச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. நீ கேட்டிருந்தால் ஒரு வாரத்துக்குப் பெருமை அடித்திருப்பாயே என்று நினைத்ததும் சிரிப்பும் வந்தது.

தானாக அணையும் அடுப்பு ஒன்றை மகன் வாங்கிப் பொருத்தினான். “உங்க வீட்டிலேயே இருங்கம்மா” என்று அவனே சொன்னான். பேத்தி போனில் நேரத்துக்கு மணி அடிக்கிற மாதிரி வைத்தாள். மணியெல்லாம் என் காதில் விழாது என்று, நீ சுவருக்கு மேலே சொல்வதையே அவள் குரலில் பதியச் சொன்னேன்.

“நான் எப்படிப் பாட்டி உங்களை டி போடுறது?”

“வாய்தான் உன்னது. பேசறது அவ. போடு.”

சாவியை உன் மருமகளிடமே திருப்பிக் கொடுத்தேன். “நான் எங்கேயும் போகலம்மா. அதே ஆணியில மாட்டிடு.” போனவள் மாட்டினாளா என்று கொல்லைச் சுவரருகே நின்று கேட்டேன். அப்படியே உங்கள் முருங்கை பூத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அப்போது என் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

“ஏண்டி, பால்.”

“தெரியும் போடி” என்றேன். சொல்லிக்கொண்டே ஓடினேன்.