பச்சைத் தோல் இருக்கை

ரெய்னர்ஸ் லேன்,
ஏப்ரல் 13, ஞாயிறு.

என் அன்புத் தோழி டயனாவுக்கு,

லலிதா எழுதிக்கொள்வது. நானும் என் சமையலறை யன்னலில் நிற்கும் கறிவேப்பிலைச் செடியும் சுகமாக இருக்கிறோம். நீயும் மகளும் பேரனும் நோர்வேயில் அந்தப் பேர்கன் மழையில் தடிமன் பிடிக்காமல் சுகமாக இருக்க வேண்டும். பேரன் நடை பழகும் வீடியோவை மூன்று முறை பார்த்தேன். கடைசியில் கால் தடுக்கி விழுந்துவிட்டு அவன் சிரிக்கிற சிரிப்பு அப்படியே உன்னுடையது.

வட்ஸ்அப் இருக்க இவள் ஏன் தபாலில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். தொலைபேசியில் எப்போதும் நீதான் பேசுவாய். நான் வாயைத் திறக்கும் நேரம் பேரன் அழுவான், நீ பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிடுவாய். இந்தக் கதையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நான் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். ஆகவே தேத்தண்ணீரை ஊற்றிக்கொண்டு இருந்து வாசி.

நான் குகநாதனின் கராஜில் சேர்ந்து மூன்று வருடமாகிறது. நம்முடைய கலியாணப் பிளவுஸ் கடை பூட்டியபோது, இனி எங்கே போவது என்று நின்றவளைக் கூப்பிட்டு வேலை தந்தவன் அவன். இது பிரேக் மாற்றுகிற சாதாரண கராஜ் இல்லை. முப்பது, நாற்பது, ஐம்பது வருடத்துக்கு முந்திய விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்கள்தான் வரும். எல்லாம் தரையோடு தரையாக இருக்கும். ஏறுவதற்கே ஒருவர் கைகொடுக்க வேண்டும். எஞ்சின் குகநாதனின் பொறுப்பு. துருக் கறள் சுரண்டிப் பெயின்ற் அடிப்பது மன்னார்க் கஸ்பர். இருக்கை, கதவுத் தோல், கூரைத் துணி எல்லாம் நான். மணப்பெண்களுக்குத் தைத்த கைக்கு இது பெரிய வேலையில்லை. கார் மெலிவதுமில்லை, கலியாணத்துக்கு முதல்நாள் வந்து இடுப்பை இன்னும் கொஞ்சம் பிடிக்கச் சொல்வதுமில்லை.

சென்ற வருடக் கடைசியில் ஓர் இத்தாலிய கார் வந்தது. 1971ஆம் ஆண்டுக் கார். இரண்டே இருக்கை, வெளியே வெள்ளி நிறம், உள்ளே பச்சைத் தோல். இருபத்திரண்டு வருடம் படங்குத் துணிக்குக் கீழே கிடந்ததாம். யாரோ வயதான கனவானுடையது என்று நினைத்தோம். வந்தது ஒல்லியான ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, எண்பது வயது, டொக்டர் ஆஷ்வர்த். ஹரோவில் பல் வைத்தியராக இருந்தவர். தன் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியதாம். அந்தக் காலத்தில் பெற்றோல் அடிக்கப் போனால், கணவர் எங்கே என்று கேட்பார்களாம். அப்படி ஒருவர் இருந்ததே இல்லை என்று சொல்லிச் சிரித்தார். வேறொரு காருக்கு நான் தைத்திருந்த கதவுத் தோலைக் கைப்பையிலிருந்த சின்னக் கண்ணாடியால் மூலை மூலையாகப் பார்த்தார். சொத்தைப் பல் ஒன்றும் இல்லை என்று சான்றிதழ் தந்தார்.

அவருடைய தங்கைக்கு மார்ச் ஒன்பதாம் திகதி எழுபத்தைந்தாவது பிறந்தநாள். அதற்கு இந்தக் காரில்தான் போய் இறங்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. பழைய இருக்கைக்குக் கீழே வெயில் படாத ஒரு துண்டை வெட்டி அனுப்பி, அதே பச்சையில் தோல் பதனிட்டு எடுத்தோம். அது வந்து சேரப் பதினொரு கிழமை. இன்னொரு தடவை கேட்டால் இன்னொரு பதினொரு கிழமை. அதுவும் அதே பச்சை வரும் என்று பதனிடுகிறவர்கள் உறுதி தரமாட்டார்கள்.

இனித்தான் விஷயம். பெப்ரவரி நடுவில் ஒரு திங்கட்கிழமை நான் அந்தத் தோலை வெட்டினேன். காரின் இரண்டு இருக்கைகளும் நம் இரண்டு கைகளைப் போல, ஒன்றைக் கண்ணாடியில் பார்த்தால் மற்றது. கடுதாசி அச்சை ஒரு தடவை நேராக வைத்து வெட்ட வேண்டும், அடுத்த தடவை புரட்டி வைத்து வெட்ட வேண்டும். எது எந்தப் பக்கம் என்று மூலையில் எழுதியிருக்கும். நான் எழுத்தைப் பார்த்தேன் என்றுதான் நினைத்தேன். வெட்டி முடித்துத் துண்டுகளைக் கையால் தடவிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இரண்டு தடவையும் ஓட்டுநர் இருக்கைக்கே வெட்டியிருக்கிறேன். பக்கத்து இருக்கைக்கு ஒன்றுமில்லை. மிஞ்சியது கைப்பைக்குத்தான் காணும்.

ஒரு நாள் முழுக்க ஒருவரிடமும் சொல்லவில்லை. கஸ்பர் மட்டும் கண்டுபிடித்துவிட்டான். ஊசிக்கு நூல் கோர்க்க நான் அவனிடம்தான் போவது வழக்கம். அன்று போகவில்லை என்று தேடி வந்தான். தான் அந்தத் தோலில் பெயின்ற்றை ஊற்றிவிட்டதாகச் சொல்லட்டுமா என்று கேட்டான். அவனுக்கு என்ன மனம் பார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே குகநாதனிடம் போனேன். தவறு என்னுடையது, வெளிச்சம் போதாமல் போய்விட்டது என்றேன். அவன் சத்தம் போடவில்லை. துண்டுகளை எடுத்து என் மேசை லைற்றுக்குக் கீழே பிடித்துப் பார்த்தான். அடுத்த நாள் நான் வேலைக்குப் போனால் என் மேசைக்கு மேலே மூன்று புதிய லைற் பூட்டியிருக்கிறது. எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெளிச்சம் குறை இல்லையென்று எனக்குத் தெரியும், டயனா. இடக்கண் போன வருடத்திலிருந்தே பனி படிந்த யன்னல் மாதிரித்தான். வலது கண்ணும் அதன் பின்னால் போகத் தொடங்கியிருந்தது. கண் தெரியாத தையற்காரியை யார் வேலைக்கு வைத்திருப்பார்கள் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கழற்றிய பழைய தோல் ஒரு கறுப்புப் பையில் கிடந்தது. எறிவதற்கு முன்னர் எடுத்து விரித்தேன். ஓட்டுநர் இருக்கைத் தோல் வெடித்துப் பிளந்து கிடந்தது. பக்கத்து இருக்கைத் தோல் காய்ந்து விறைத்திருந்ததே ஒழிய ஒரு கீறல் இல்லை. ஒருவரும் இருந்ததற்கான அடையாளமே இல்லை. அதைப் பதப்படுத்தி எடுத்தால் பாவிக்கலாம். ஆனால் வெளிறிய பச்சை, புதியதோடு பொருந்தாது. டொக்டரைக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. நானே சொன்னேன். தவறாக வெட்டியது நான்தான் என்றும், இரண்டு இருக்கையும் இரண்டு பச்சையாக இருக்கும் என்றும் சொன்னேன்.

அவர் பழைய தோலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தன் கதையைச் சொன்னார். அந்த இருக்கையில் அவர் எவரையும் ஏற்றியதில்லையாம். கஞ்சத்தனம் இல்லை. நாள் முழுக்க மற்றவர்களின் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு, வீட்டுக்குப் போகும்போது பக்கத்தில் இன்னொரு வாய் வேண்டாம் என்று நினைத்தாராம். தங்கை எத்தனையோ தரம் கேட்டும் ஏற்றவில்லையாம். இந்தப் பிறந்தநாளுக்குத்தான் முதல்முறை ஏற்றப் போகிறாராம். இரண்டு பச்சை என்றால் இரண்டு பச்சை, தைத்து முடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதினாறு நாள் அந்தத் தோலோடு கிடந்தேன். பூசி, ஊறவிட்டு, துடைத்து, மறுபடி பூசி. கண்ணை நம்பவில்லை, விரலை நம்பினேன். கடைசியில் அது பிள்ளையின் காது மடல் மாதிரி வந்தது. தையலையும் விரலால் எண்ணித்தான் போட்டேன். ஒன்றுகூடக் கோணவில்லை என்று கஸ்பர் சத்தியம் பண்ணினான்.

மார்ச் ஏழாம் திகதி டொக்டர் காரை எடுக்க வந்தார். தங்கையை ஏற்றுமுன் யாரையாவது வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும், இருக்கை தைத்தவர்தான் முதலில் இருக்க வேண்டும் என்றார். குகநாதனும் கஸ்பரும் கைகொடுத்து என்னை உள்ளே இறக்கினார்கள். வேலை உடுப்போடு, தலையில் டொக்டர் தந்த பட்டுத் துணியைக் கட்டிக்கொண்டு, ரிக்மன்ஸ்வேர்த் பக்கம் போனேன். அந்த எஞ்சின் சத்தம் முதுகுக்குள்ளால் ஏறும். சிரிப்பு வருகிறது, அடக்க முடியவில்லை. றோட்டில் போகிற பிள்ளைகள் கை காட்டினார்கள், நானும் மகாராணி மாதிரிக் கை காட்டினேன்.

ஊருக்கு வெளியே போனதும் முன்னால் ஒரு குப்பை லொறி. நீ இருக்கும் நாட்டில் கார்களுக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். இந்த இத்தாலிய காருக்கும் அப்படித்தான். ஆனால் இங்கே நாம் றோட்டின் இடப்பக்கம் ஓடுகிறோம். ஆகவே ஓட்டுகிறவருக்கு லொறியைத் தாண்டி ஒன்றும் தெரியாது. வலப்பக்கம் இருக்கிற ஆள்தான் எதிரே வாகனம் வருகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். எதிரே வழி காலியா என்று டொக்டர் கேட்டார். எனக்கு எல்லாம் ஒரே சாம்பல். சாம்பலுக்குள் ஒன்றும் அசையவில்லை. ஓம், போகலாம் என்று சொல்லிவிட்டேன். அவர் காரை வெளியே எடுத்தார். அந்தச் சாம்பலுக்குள்ளிருந்து ஒரு வெள்ளை வான் வந்தது.

கடவுளே என்று அவர் பிரேக்கை அழுத்தி லொறிக்குப் பின்னால் திரும்பப் புகுந்தார். வான்காரன் ஹோர்னை அடித்துக்கொண்டு போனான். அவர் ஒரு வார்த்தை ஏசவில்லை. இரண்டு நிமிடம் கழித்து, இப்போது எப்படி என்று அமைதியாகக் கேட்டார்.

“எனக்குத் தெரியேல்லை” என்றேன். தமிழில்தான் வந்தது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். எதிரில் வருவது மட்டுமில்லை, பல மாதமாக ஒன்றுமே சரியாகத் தெரியவில்லை, தோலை வெட்டியதும் அதனால்தான், ஒருவருக்கும் சொல்லவில்லை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் திரும்பிப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். தன் கை நடுங்கத் தொடங்கியதை அவரும் அரை வருடம் மறைத்தாராம். பல் பார்க்கும் நாற்காலியில் கிடந்த ஒன்பது வயதுப் பெட்டை கண்டுபிடித்துக் கேட்டாளாம். பிறகு, “சரி, நாம் இந்த லொறிக்குப் பின்னாலேயே போவோம். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை” என்றார். அரை மணித்தியாலம் குப்பை மணத்தை முகர்ந்துகொண்டு, உலகத்தின் மிக அழகான காரில், இருபது மைல் வேகத்தில் போனோம். இரண்டு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு, டயனா, நீ பார்த்திருக்க வேண்டும்.

கராஜுக்குத் திரும்பியதும் குகநாதனிடம் சொன்னேன். வேலை போனாலும் பரவாயில்லை என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் போனேன். அவன் நிமிர்ந்து மேலே பார்த்தான்.

“அப்ப அந்த மூண்டு லைற்றும் வீணா, அக்கா?”

கஸ்பர் அங்கிருந்தே, அதை ஒருவரும் கழற்றக் கூடாது, தனக்கு இப்போதுதான் பெயின்ற்றின் நிறமே தெரிகிறது என்றான். குகநாதன் சிரித்துவிட்டு, “அடுத்ததா வந்து நிக்கிற கறுப்புக் காரின்ர சீற் உங்களுக்காக நிக்கட்டும். முப்பது வருசம் நிண்ட கார், இன்னும் ரெண்டு மாசம் நிண்டா ஒண்டும் குறையாது. நீங்கள் முதல்ல கண்ணைக் காட்டுங்கோ” என்றான். அடுத்த நாள் கண் சோதிக்கிற கண்ணாடிக் கடைக்குத் தானே கூட்டிக்கொண்டு போனான். இரண்டு கண்ணிலும் புரை. சின்ன ஒப்பரேஷன், முதலில் இடக்கண், வெட்டினால் எல்லாம் தெளிவாகத் தெரியும் என்கிறார்கள். லூயிஷாம் சிவன் கோயிலுக்குப் போய் ஒரு அர்ச்சனையும் செய்துவிட்டு வந்தேன். டொக்டரின் தங்கை அந்த வெளிறிய பச்சை இருக்கையில் நாடியை நிமிர்த்திக்கொண்டு இருக்கிற படம் ஒன்று வந்தது. இந்தக் கடிதத்தோடு வைக்கிறேன். கரையில் உள்ள தையலைக் கவனித்துப் பார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திகதி வந்துவிட்டது, மே பதினான்கு, புதன்கிழமை. கூடவே ஒரு படிவம். கூட்டிப்போக வருபவர் யார், அன்றிரவு உங்களோடு வீட்டில் தங்குபவர் யார் என்று ஒரு கோடு விட்டிருக்கிறார்கள். குகநாதனின் மனைவி வருகிறேன் என்றாள். கஸ்பரும் வருகிறேன் என்றான். அவனுடைய குறட்டையை நினைத்து வேண்டாம் என்றேன். படிவம் ஐந்து நாள் மேசையில் கிடந்தது. நீ நோர்வேக்குப் போகும்போது, போகவா என்று என்னை இரண்டு தரம் கேட்டாய். மகளுக்கு நீ தேவை, போ என்று சொன்னேன். எனக்கும் ஒருவர் தேவையாக இருக்கலாம் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. என்னுடைய வாய் அப்படிப் பழகாத வாய்.

நேற்று அந்தக் கோட்டில் உன் பெயரை எழுதி, பேர்கன் தொலைபேசி இலக்கத்தையும் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் எழுதியது பிழைதான். இப்போது கேட்கிறேன். வருவாயா?

வருவதானால் இரண்டு நாள் முந்தி வா. ஹீத்ரோவுக்குக் குகநாதன் வருவான். உன் மகள் குறை நினைக்கக் கூடாது. நான்கு நாளில் திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்று சொல். பேரனுக்கு என் முத்தங்கள். நீ கும்பிடுகிற மாதா உங்கள் எல்லோரையும் சுகமாக வைத்திருக்கட்டும். ஒப்பரேஷனுக்கு மறுநாள் காலையில் கண்ணின் கட்டை அவிழ்க்கும்போது எதிரில் ஒரு வடிவான முகம் இருக்க வேண்டும் என்று கஸ்பர் சொல்கிறான். வடிவு வேண்டாமடி, நீ இருந்தால் போதும்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
லலிதா.