அப்பா சொன்ன ‘தின்’

லேக் கார்டன்ஸ், கல்கத்தா
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள சத்யாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அந்த ஸ்காட்லாந்துக் குளிரில் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் சௌக்கியம், அப்பாவும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அந்த இரண்டாவதை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. தினமும் வீடியோவில் பேசுகிறோமே, இப்போது என்ன கடிதம் என்று நினைப்பாய். வீட்டுக்குள் வைத்துப் பேசுகிற விஷயமாக இது இல்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆயா சென்டரிலிருந்து வருகிறாளே பிரியம்வதா, அவளுக்குத் தமிழ் தெரியாது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய், எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் உன்னோடு பேச ஆரம்பித்தால் துணி மடிக்கிற கை நின்றுவிடுகிறது. முந்தாநாள் வெந்நீர் என்று உன்னிடம் ஏதோ பேச்சுக்குச் சொன்னேன், இரண்டு நிமிஷத்தில் வெந்நீர் வந்து நிற்கிறது. அதனால் அவள் சமையலறையில் சாப்பிடும் நேரத்தில் பால்கனியில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் கட்டில். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்ததிலிருந்து அதே கட்டிலில்தான் ஐந்து மாதமாகப் படுத்திருக்கிறார், நானும் என் உயரத்துக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் வந்த மூன்றாம் நாளே வாட்ச்மேனைப் பிடித்து நாலு காலுக்கும் கீழே செங்கல் வைத்து உயர்த்திவிட்டாள். குனிந்து குனிந்து இடுப்பு போய்விடும், கட்டில் இடுப்பு உயரத்துக்கு இருக்க வேண்டும் என்கிறாள். அவள் ஆறடிக்காரி, அவள் இடுப்பு எங்கே, என் இடுப்பு எங்கே? என்னை அவரிடம் எட்டவிடாமல் செய்கிற வேலையோ என்று இருக்கிறது. அடுத்தது, பழைய சேலை ஒன்று வேண்டும் என்று கேட்டாள், மதுரைச் சுங்குடி ஒன்றைக் கொடுத்தேன், அதை நாலாக மடித்து அவர் தோளிலிருந்து தொடை வரைக்கும் குறுக்கே விரித்து வைத்திருக்கிறாள். அவரை மேலே நகர்த்த வேண்டுமென்றால் என்னைக் கூப்பிட்டு, அந்தப் பக்கம் சேலையைப் பிடியுங்கள் மாஷிமா என்கிறாள், சித்தி முறை வேறு. சம்பளம் வாங்குவது அவள், அறுபத்தேழு வயதில் இழுப்பது நானா? ஒவ்வொரு தடவையும் எனக்கு மூட்டு வலி என்று சொல்லி நழுவிவிடுகிறேன், அப்போது எதிர் ஃப்ளாட் பௌதியைக் கூப்பிடுகிறாள். ஒரு ஆளைத் தனியாகத் தூக்கத் தெரியாதவளை எதற்கு ஆயா என்று அனுப்புகிறார்கள்?

இன்னும் கேள். இரண்டு மணிக்கு ஒருதரம் அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிறாள், நன்றாக அயர்ந்து தூங்கினாலும் விடுவதில்லை. கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை கொடுத்துக் குதிகாலை அந்தரத்தில் தொங்கவிடுகிறாள். முதுகுக்குக் கீழே, வால் எலும்பு பக்கம், சிவப்பாக ஒரு ரூபாய் அகலத்துக்கு இருந்தது, நான் நல்லெண்ணெய் வைத்துத் தேய்க்கப் போனேன், அங்கே தேய்க்காதீங்க மாஷிமா, தோல் பிஞ்சு போயிடும் என்று என் கையைத் தடுத்துவிட்டாள். என் வீட்டில், என் புருஷன் முதுகில், என் கையை! துடைத்துப் புரட்டும்போது திரையை இழுத்துவிடுகிறாள், உள்ளிருந்து அவள் குரல் மட்டும் கேட்கிறது. மடியில் கனமில்லாதவளுக்குத் திரை எதற்கு? ஒருநாள் இடுக்கு வழியாகப் பார்த்தேன், அவர் காதருகே வாயை வைத்து ஏதோ ஓதிக்கொண்டிருக்கிறாள். வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கப் பார்க்கிறாளோ என்று பகீரென்றது, பிறகுதான் அவருக்குப் பேனாவே பிடிக்க வராதே என்று நினைவு வந்தது.

இதெல்லாம் என் சந்தேகப் புத்தி என்று நீ சொல்வாய், உன் அப்பாவும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், பேச்சு இருந்தபோது. ஆனால் அவர் வாயாலேயே ஒன்று வந்திருக்கிறது. ஐந்து மாதமாக ம், ஆ என்பதைத் தவிர ஒன்றும் வராத மனுஷர் போன வாரத்திலிருந்து ஒரு சொல் சொல்கிறார். ‘தின்.’ தெளிவாக, அதுவும் அவளைப் பார்த்து. பாங்க்கில் பியூனைக்கூடச் சாப்பிட்டாச்சா என்று கேட்ட மனுஷர் அவர், மாட்டுக்குச் சொல்கிற சொல்லை வாயில் எடுத்தவரே இல்லை. தின்கிறாள் என்று சொல்ல வருகிறார், பாதிதான் வெளியே வருகிறது என்பது என் எண்ணம். வாழைப்பழம் குறைகிறது, பிஸ்கட் டப்பா இலேசாகிறது, அவர் இளைத்துக்கொண்டே வருகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, நேற்று சட்டை மாற்றும்போது இடது மேல்கையில் அக்குளை ஒட்டி நாலு நீலத் தடம், ஒன்றில் தோல் கீறியிருக்கிறது, நகம் பட்டிருக்க வேண்டும். அவளைக் கேட்டால், நானே உங்களைக் கேட்கலாம்னு இருந்தேன் மாஷிமா என்கிறாள், என்ன சாமர்த்தியம் பார். நாளைக் காலையில் சென்டருக்குப் போன் செய்து அவளை நிறுத்தப் போகிறேன். உன்னிடம் கேட்டால் பொறு பொறு என்பாய், அதனால் கேட்கவில்லை.

சனிக்கிழமை

மேலே எழுதியதைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன், கிழிக்கவில்லை, நீ அதையும் படிக்க வேண்டும். புதன்கிழமை சென்டருக்குப் போன் செய்தேன். அவள் நோயாளியை அடிக்கிறாள், கையில் தடம் இருக்கிறது என்று சொன்னேன். அடிக்கிறாள் என்ற சொல்லை நான்தான் சொன்னேன் சத்யா. அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள், மறுநாள் வேறு ஆள் வரும் என்றார்கள். வியாழக்கிழமை பதினொரு மணி ஆகியும் யாரும் வரவில்லை, பிறகும் வரவில்லை. அப்பா சரிந்து சரிந்து தலை தலையணையை விட்டு இறங்கிக் கழுத்து மடங்கிக் கிடந்தார். ராத்திரியில் அவள் வீட்டுக்குப் போன பிறகு நான் எப்படிச் செய்வேனோ அப்படியே தலைமாட்டில் நின்று இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து ஒரே இழுப்பாக இழுத்தேன். அவர் கத்தினார். ‘தின்!’ பசிக்கிறது போலிருக்கிறது என்று ஓடிப்போய் இட்லியைப் பாலில் கரைத்துக் கொண்டுவந்தால் வாயை இறுக மூடிக்கொள்கிறார், கண்ணில் தண்ணீர், மறுபடியும் ‘தின், தின்.’ இடது கையைத் தூக்கி ஒரு விரலைக் காட்டினார், பிறகு இரண்டு, பிறகு மூன்று. மூன்று இட்லியா கேட்கிறார் என்று நினைத்தேன், என்னைவிட மட்டி உலகத்தில் இருப்பாளா சொல்.

அப்போதுதான் அவர் காலைப் பார்த்தேன். நல்ல காலான இடது காலை மடக்கிப் பாதத்தை மெத்தையில் அழுத்தி ஊன்றி வைத்திருக்கிறார், உந்தத் தயாராக. திரைக்குப் பின்னாலிருந்து தினமும் கேட்ட குரல் அந்த நிமிஷம்தான் எனக்குச் சரியாகக் கேட்டது. ஏக், துய், தின். நாற்பத்தோரு வருஷமாக இந்த ஊர் மார்க்கெட்டில் வங்காளத்தில் பேரம் பேசுகிறேன், தின் என்றால் மூன்று என்று எனக்குத் தெரியாதா? அவர் வாயிலிருந்து வந்ததால் தமிழாகக் கேட்டேன், அவளைப் பார்த்துச் சொன்னதால் குற்றமாகக் கேட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், என் காதுக்கும் அப்படித்தான் ஆகிவிட்டது. பௌதியைக் கூப்பிட்டேன். அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், செங்கல் உயரத்துக்கு என் மணைப்பலகையைப் போட்டு ஏறி நின்று சேலையைச் சுருட்டிப் பிடித்து ஏக் என்றேன், துய் என்றேன், மூன்றாவதை அவரே சொன்னார், சொல்லிக்கொண்டே உந்தினார். இழுத்த மாதிரியே இல்லை, வழுக்கிக்கொண்டு தலையணைக்குப் போய்விட்டார். உன் அப்பா ஐந்து மாதத்தில் தானாகச் செய்த முதல் காரியம் அது, அதை அவரும் அவளும் எத்தனை நாளாகச் செய்துகொண்டிருந்தார்களோ, எனக்குத் தெரியவில்லை. எனக்குச் சந்தோஷம் வருவதற்கு முன்னால் பொறாமைதான் வந்தது, உன்னிடம் மறைப்பானேன்.

சாயங்காலம் உடம்பு துடைக்கும்போது அந்த நீலத் தடத்தின் மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். நாலு விரலும் பொருந்தியது. தோல் கீறியிருந்த இடத்தில் என் நெளி மோதிரம் வந்து உட்கார்ந்தது. நகம் இல்லை, மோதிரம். வெகுநேரம் கையை எடுக்கத் தோன்றவில்லை, அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நேற்றுக் காலை பௌதியை அவரோடு உட்காரவைத்துவிட்டு டாக்குரியா ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் சென்டருக்குப் போனேன். பெஞ்சியில் ஏழெட்டுப் பெண்கள் வேலைக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள், ஓரத்தில் பிரியம்வதா மடியில் பையோடு. அடிக்கிறவள் என்று பெயர் வந்த பிறகு எந்த வீட்டுக்கும் அவளை அனுப்பவில்லையாம், இரண்டு நாளாகக் காலை ரயிலில் வந்து உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போகிறாளாம். மேனேஜர் புகார் நோட்டை எடுத்து, ஏதோ புரிதல் பிசகு என்று எழுதிவிடலாம் மாஷிமா, உங்களுக்கும் கௌரவம் என்று சொன்னார். எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது, பேனாவைக்கூட வாங்கிவிட்டேன். அப்போது அவள் எழுந்து வந்தாள். ஏன் என் மேல் பழி போட்டீர்கள் என்று கேட்பாள் என்று நான் பதிலைத் தயார் செய்துகொண்டு நிற்கிறேன், அவள் அப்பாவைத்தான் விசாரித்தாள், மேஷோமஷாய் இப்போ எந்தப் பக்கம் படுத்திருக்கார்? மல்லாந்து என்றேன். எத்தனை மணியிலிருந்து? ஒன்பதிலிருந்து. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், பன்னிரண்டாகப் போகிறது. நோட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சோலுன் மாஷிமா, கிளம்புங்க என்று வாசலுக்கு நடந்துவிட்டாள்.

நான் நோட்டின் முன்னாலேயே நின்றேன். புரிதல் பிசகு என்று எழுதக் கை வரவில்லை, வங்காளத்தில் எழுதவும் தெரியாது, அதனால் தமிழில் எழுதினேன், தடம் என் விரல், புகார் பொய் என்று. இது என்ன எழுத்து, என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று மேனேஜர் கேட்டார். அந்த ஏழெட்டுப் பெண்கள் முன்னால், வாசலில் நின்றவளுக்கும் கேட்கிற மாதிரி, வங்காளத்தில் சொன்னேன். அமார் ஹாத்தேர் தாக். என் கைத் தடம். அவர் அதை அப்படியே பக்கத்தில் எழுதிக்கொண்டார். வழியெல்லாம் ஆட்டோவில் பிரியம்வதா என்னோடு பேசவில்லை, வீட்டுக்கு வந்து முதலில் அவரைப் புரட்டினாள், பிறகுதான் தண்ணீர் குடித்தாள். இன்றும் வந்திருக்கிறாள். என்னை மன்னித்துவிட்டாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. முழுக்க மன்னித்திருக்க மாட்டாள் என்றுதான் என் சந்தேகம், இந்தச் சந்தேகம் சரியானதென்று நினைக்கிறேன்.

நியூ டவுன் கோமதி நாளை தன் மகளைப் பார்க்க உங்கள் பக்கம் கிளம்புகிறாள், இதை அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன், பருப்புப் பொடியும் வைத்திருக்கிறேன், காற்றுப் போகாமல் மூடி வை. குட்டியைத் தூக்கும்போது நீயும் இடுப்பை வளைக்காதே, முழங்காலை மடக்கித் தூக்கு, எனக்கே இந்த வயதில்தான் ஒருத்தி சொல்லிக் கொடுக்கிறாள். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், குட்டிக்கு முத்தம், மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். டிசம்பரில் நீ வரும்போது ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். வாசலிலிருந்தே ஓடிவந்து அப்பாவைக் கட்டிப் பிடிக்காதே. அவள் அவர் காதில் ஓதியது என்ன தெரியுமா, இன்று பக்கத்தில் நின்று கேட்டேன், இப்போ உங்களைத் தொடப்போறேன் என்பதுதான். கல்யாணமாகி நாற்பத்துநாலு வருஷத்தில் நான் ஒருநாள்கூட அப்படிச் சொன்னதில்லை. நீ சொல்லிவிட்டுத் தொடு.

இப்படிக்கு
உன் அன்புள்ள அம்மா
ப. நீலாவதி