பொத்துவில் வரை ஆறு கட்டம்

தெமோதரை,
21.04.2002

அன்புள்ள அத்தானுக்கு,

விஜயலெட்சுமி எழுதுவது. நானும் லக்ஷிகாவும் அத்தையும் இங்கே சுகம். உங்கள் சுகத்துக்குத்தான் தினமும் விளக்கேற்றுகிறோம். உங்களுக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் படிக்கப் போகும் சிறை அதிகாரி ஐயாவுக்கும் என் வணக்கம். இதில் ஒளித்து எழுத எதுவும் இல்லை.

லக்ஷிகா ஆண்டு மூன்றுக்குப் போய்விட்டாள். முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. உங்களுக்குக் காட்டாமல் புதுப் பல் முளைக்கக் கூடாதாம், அதனால் வாயை மூடிக்கொண்டே பேசுகிறாள். அத்தை தோட்டத்து லய வீட்டைவிட்டு வர மாட்டேன் என்று நின்றார். கூரைத் தகரம் காற்றில் போன பிறகுதான் என்னோடு குவாட்டர்ஸுக்கு வந்தார்.

போன மாதம் பார்க்க வந்தபோது நீங்கள் சொன்னது என் மனதை விட்டுப் போகவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் சீக்கிரம் வெளியே வரலாம் என்கிறார்கள், சம்மதித்துவிடப் போகிறேன் என்றீர்கள். செய்யாத ஒன்றைச் செய்தேன் என்று எப்படிச் சொல்வீர்கள்? மூன்று வருடத்துக்கு முன் பொலிஸார் உங்களைக் கூட்டிக்கொண்டு போனபோது மேசை லாச்சியிலிருந்து அவர்கள் எடுத்துப்போனது அந்த வரைபடம் ஒன்றைத்தான். பதுளையிலிருந்து பசறை, மொனராகலை, சியம்பலாண்டுவ, லகுகலை வழியாகப் பொத்துவில் வரை ஐந்து கட்டம் ஓட்டம். ஆறாவது கட்டம் பொத்துவிலின் கடலோரக் களப்பில் கயாக் படகு. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் தங்கள் காலாலும் கையாலும் மலையிலிருந்து கடல்வரை போய்ச் சேர வேண்டும் என்று நீங்கள் கீறியது. ஆனால் அதிலே சோதனைச் சாவடிகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் இருந்ததே, சாவடிகளைத் தாக்கப் போட்ட திட்டம் என்று அதுதான் வழக்காகிவிட்டது. மலையில் பிறந்தவனுக்குப் படகு எதற்கு என்று கேட்டார்களாம். விளையாட்டு மாஸ்டர் பயிற்சிக்குப் போன இடத்தில் நீங்கள் கயாக் பழகியதை யாரும் நம்பவில்லை.

நம் சட்டத்தரணி சிவராசா ஐயா ஒருநாள் அலுத்துப்போய், "ஆராவது உந்தப் பாதையில ஓடிக் காட்டினா, இது விளையாட்டுக்குக் கீறினதுதான் எண்டு நான் கோட்டில சொல்லலாம் பிள்ளை" என்றார். அவர் பாதி விளையாட்டாகச் சொன்னது. நான் விளையாட்டாக எடுக்கவில்லை.

நேற்றுக் காலை ஆறு மணிக்குப் பதுளை பஸ் நிலையத்தில் தொடங்கி முதல் கட்டத்தை ஓடி முடித்தேன். உங்கள் கூட்டாளி இத்ரூஸ் நானா தன் சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு, தண்ணீர்ப் போத்தலோடு சைக்கிளில் கூடவே வந்தார். பாடசாலைக் காலத்தில் ஓடிய கால்கள்தான், ஆனால் முப்பத்தாறு வயதில் பசறை ஏற்றம் வேறு. பாதி தூரம் நடந்தேன். மலைச்சரிவில் கொழுந்து பறித்த பெண்கள், "என்னா டீச்சர், யாருக்காச்சும் சொகமில்லையா, இப்படி ஓடுறீங்க?" என்று கேட்டார்கள். ஆமாங்க என்று சொல்லிவிட்டு ஓடினேன். வேறு என்ன சொல்வது?

சிவராசா ஐயா தந்த வரைபட நகலில் நீங்கள் போட்ட நேரம் ஒரு மணி ஐம்பது நிமிடம். எனக்கு இரண்டே முக்கால் மணித்தியாலம். பசறைத் தபாலதிபர் ஒரு கொப்பியில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். ஒவ்வொரு கட்டத்துக்கும் இப்படி வாங்குவேன். ஆறும் முடியும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இதற்குமேல் நான் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் விஜயா

*

பொத்துவில்,
25.08.2002

அன்புள்ள அத்தானுக்கு,

இத்ரூஸ் நானாவின் அக்கா லரீபா ராத்தாவின் வீட்டில் இருந்து எழுதுகிறேன். நலமாக வந்து சேர்ந்தேன். ஓட்டக் கட்டங்கள் ஐந்தும் முடிந்துவிட்டன. ஜூனிலிருந்து உங்கள் கடிதம் ஒன்றும் வரவில்லை. எழுத மனமில்லையென்றால் வெறும் கார்டில் பெயரையாவது எழுதி அனுப்புங்கள். உங்கள் எழுத்தைப் பார்த்தால் போதும்.

பசறையிலிருந்து மொனராகலைக்கு இரண்டு கட்டம், இரண்டு சனிக்கிழமை. முதல் சனிக்கிழமை எந்த மதகுக்கல்லில் நிறுத்தினேனோ, அடுத்த தடவை பஸ்ஸில் போய் அதே கல்லடியில் இறங்கி ஓடினேன். ஒரு அடியும் விட்டுவிடக் கூடாது என்று பிடிவாதம். இறக்கத்தில் ஓடுவது லேசு என்று நினைத்திருந்தேன். இரண்டு பெருவிரல் நகமும் கறுத்துக் கழன்றன. அத்தை ஒன்றும் கேட்காமல் தினமும் சுடுதண்ணீரில் உப்புப் போட்டு என் காலை வைக்கச் சொன்னார்.

சியம்பலாண்டுவவுக்குப் போகும் வழியில் ஒரு சாவடியில் மறித்தார்கள். யார், எதற்கு ஓடுகிறாய் என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் உள்ளதை உள்ளபடி சொன்னேன். கணவர் சிறையில் மறியலில் இருக்கிறார், இது அவர் கீறிய பாதை, ஓடக்கூடிய பாதை என்று காட்ட ஓடுகிறேன் என்றேன். நானாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அங்கிருந்த பெரிய அதிகாரி கொப்பியை முதல் பக்கத்திலிருந்து மெதுவாகப் புரட்டினார். தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, நேரம் பத்து நாற்பது, அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பாதையை மறித்த தடியை உயர்த்தினார். எழுதிக்கொண்டேன். அந்த இடத்தில் கையெழுத்து இல்லை, நேரம் மட்டும்தான் இருக்கிறது.

நேற்று லகுகலையில் யானைகள் பாதையை விட்டு இறங்கும்வரை ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம். அப்போது இத்ரூஸ் நானா என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். சொல்லிவிட்டுச் சைக்கிளைப் பிடித்தபடி தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. உங்களுக்கு அது மூன்று வருடமாகத் தெரியும். என்னிடம்கூடச் சொல்லாமல் இருந்துவிட்டீர்களே என்று முதலில் கோபம் வந்தது. மீதித் தூரம் முழுவதும் அந்தக் கோபத்தில்தான் ஓடினேன். பொத்துவிலில் கடல்காற்று முகத்தில் பட்டபோது கோபம் போய், உங்களை நினைத்துப் பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

இன்னும் ஒரு கட்டம்தான். எனக்கு நீந்தத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். கும்பிட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
விஜயா

*

தெமோதரை,
08.12.2002

அன்புள்ள அத்தானுக்கு,

வழக்குத் தவணை முடிந்து நான்கு நாளாகியும் எழுத உட்கார முடியவில்லை. அன்று நீங்கள் கூண்டில் தலை குனிந்தபடியே நின்றீர்கள். எவ்வளவு உங்கள் காதில் விழுந்ததோ தெரியாது. அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

முதலில் களப்பைச் சொல்கிறேன். செப்டெம்பர் பௌர்ணமிப் போயா விடுமுறையோடு லீவு போட்டுப் போனேன். அறுகம்பையில் விருந்தினர் விடுதி வைத்திருப்பவர் ஒரு கயாக்கை இரவல் தந்தார். லரீபா ராத்தாவின் கணவர் தாஸிம் மச்சான் மீன்பிடிக்கிறவர். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இரண்டு நாள் பழக்கினார். மூன்று தடவை கவிழ்ந்தேன். "துடுப்பப் பாக்காதீங்க, போற எடத்தப் பாருங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் அவர் தோணியில் பின்னால் வர, தனியாகப் போனேன். நீங்கள் ஐம்பது நிமிடம் என்று போட்டிருந்தீர்கள், எனக்கு ஒன்றே முக்கால் மணித்தியாலம். ஆனால் அத்தான், நீங்களும் நானாவும் தொண்ணூற்றெட்டில் சைக்கிளில் வந்து பார்த்துக் கீறிய வளைவுகள் ஒவ்வொன்றும் அதே இடத்தில் இருந்தன. கண்டல் மரங்களுக்கு நடுவே வழி என்று போட்டிருந்தீர்கள். அங்கே வழி இருந்தது. அதைக் கண்டதும் துடுப்பை மடியில் வைத்துவிட்டு அழுதுவிட்டேன். உங்களைக் கொண்டுபோன நாளில்கூட நான் அப்படி அழவில்லை. தாஸிம் மச்சான் பார்க்காதவர்போல வேறு பக்கம் திரும்பி வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

நீதிமன்றத்தில் சிவராசா ஐயா கொப்பியைக் கொடுத்தார். நீதிபதி பக்கம் பக்கமாகப் பார்த்தார். கையெழுத்து இல்லாத பக்கத்தைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்டார், நடந்ததைச் சொன்னேன். அரசாங்கத் தரப்பு வக்கீல், இதெல்லாம் இந்த வருடம் எழுதியது, அந்த வட்டங்களை எதற்குப் போட்டார் என்பதற்கு இது பதில் இல்லை என்றார். அப்போதுதான் நானா சாட்சிக் கூண்டுக்கு வந்தார்.

"அந்த வட்டத்தப் போட்டது அழகர் மாஸ்டர் இல்ல, நான். சைக்கிள்ல மீட்டர் பூட்டி ரோட்ட அளந்ததும் நான்தான். எங்கெங்க பெர்மிசன் கேக்கணுமோ, மறந்துடாம இருக்கச் செவப்புப் பேனையால வட்டம் போட்டேன். அப்ப என் பொஞ்சாதி பலீலாவுக்குப் புள்ள கெடைக்க இருந்திச்சு. பயத்துல வாய மூடிட்டேன். மாஸ்டர் அடி வாங்கியும் என் பேரச் சொல்லல்ல."

அப்போதுதான் நீங்கள் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தீர்கள். நானாவைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினீர்கள். நான் பார்த்தேன். நீதிபதியும் பார்த்தார். என்ன நினைத்தாரோ, கொப்பியையும் நானாவின் சாட்சியத்தையும் பதிந்துகொண்டு வழக்கை மே மாதம் இருபதாம் தேதிக்குத் தள்ளிவைத்தார்.

நானாவை அதற்குப் பிறகு இரண்டு தடவை வாக்குமூலத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டார். அவர் போகும் நாட்களில் பலீலா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடையைத் திறந்து உட்கார்ந்திருக்கிறாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என்னோடு கோபமாகப் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தேத்தண்ணி ஊற்றித் தந்தாள்.

மே மாதம் நல்லபடியாக முடிய இடமிருக்கிறது, ஆனால் சத்தியம் பண்ண மாட்டேன் என்கிறார் சிவராசா ஐயா. ஒப்புக்கொண்டால் விடுவதாகச் சொன்ன பேச்சு ஜனவரி வரை அப்படியே இருக்கிறதாம். அப்படி ஒப்புக்கொண்டால், வட்டம் போட்டவரும் குற்றவாளி என்றாகிவிடும் என்பதையும் சொன்னார். உங்களுக்கும் சொல்லியிருப்பார்.

நானா என்னை எழுதச் சொன்னது இது: "மாஸ்டர் என்னய நெனச்சு உள்ளுக்கு இருக்க வேணாம். மூணு வருஷம் அவரு இருந்தது போதும். என் பாட்ட நான் பாத்துக்குவேன்."

அத்தை எழுதச் சொன்னது: "எப்பிடியாச்சும் வந்துருப்பா. பேரு கெட்டா கெட்டுப்போவட்டும். எனக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருது. ஒன் மொகம் தெரியிறப்பவே வந்துரு."

இரண்டு பேர் சொன்னதையும் ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதிவிட்டேன். ஏப்ரலில் நான் உங்களிடம் கையெழுத்துப் போடாதீர்கள் என்று கேட்டேன். அன்றைக்குக் கேட்பது லேசாக இருந்தது.

நீதிமன்ற வாசலில் விலங்கு போட்ட உங்கள் கையைப் பார்த்தேன். மணிக்கட்டில் எலும்புதான் தெரிகிறது. கூட வந்த காவலர் சிங்களத்தில் என்னிடம் மெதுவாக, இவர் சாப்பாட்டைப் பாதியில் திருப்பி அனுப்புகிறார், நீங்களாவது சொல்லுங்கள் என்றார்.

அதனால் சொல்கிறேன். தினமும் முற்றத்தில் விடும் நேரத்தில் கொஞ்சம் நடங்கள். பாணோ சோறோ, என்ன தருகிறார்களோ அதை மிச்சம் வைக்காமல் சாப்பிடுங்கள். மே மாதம் வரை, ஒருவேளைகூட விடாமல் சாப்பிடுங்கள் அத்தான்.

கடவுள் உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

என்றும் உங்கள்,
விஜயா