மாடிக்குப் போன பல்

அன்பு மகன் நவநீதனுக்கு,

பாலக்கரையிலிருந்து அம்மா எழுதுவது. உச்சிப்பிள்ளையார் புண்ணியத்தில் இங்கே மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். அந்தக் குளிரில் நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் என் கவலை. நன்றாக இருக்கிறோம் என்று இப்போது சொல்ல முடிவதால்தான் இதை எழுதவே தைரியம் வந்தது. உன் தங்கை இளவேனில் ஒரு மாதமாக வீடியோவில் வராமல் வெறும் குரலில் பேசுகிறாளே, கேட்டால் நெட் சரியில்லை என்கிறாளே, அது பொய். அண்ணன் பயந்துபோய் டிக்கெட் போட்டுவிடுவான் என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். போன் பேசும்போது பக்கத்திலேயே காவல் நிற்கிறாள், அதனால் எழுதுகிறேன்.

அவள் வண்டி சர்வீஸில் இருந்ததால், ஸ்ரீரங்கத்தில் அவள் பாடம் நடத்தும் ஸ்கூலுக்குப் போய்வர சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேட்டரி ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்திருக்கிறாள். கூடக் கொடுத்த ஹெல்மெட்டில் வார் அறுந்திருந்ததாம், அதையும் வாங்கி மாட்டிக்கொண்டு போயிருக்கிறாள் பார். சாயங்காலம் திரும்பும்போது நம் வாசலருகே நாய் குறுக்கே ஓட, பழகாத பிரேக்கை அழுத்திப் பிடித்தாள், வண்டி சட்டென்று நின்றது, இவள் குப்புற விழுந்தாள். தாடை கிழிந்து, உதடு பிளந்து, முன்பல் ஒன்று வேரோடு தெறித்துவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. 108-ல் வந்த பெண்தான், தண்ணீர் கொடுக்கப் போன என்னைத் தடுத்து, ரத்தம் தொண்டைக்குள் போகாமல் அவளை முன்னால் குனியவைத்து, தாடையில் துணியை அழுத்திப் பிடித்தபடியே கூட்டிப்போனாள். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா செய்த காரியத்தைக் கேள். விழுந்த பல்லை அக்கறையாகப் பொறுக்கினார். அப்புறம் பதற்றத்தில், சின்ன வயதில் உங்களுக்குப் பல் விழுந்தால் செய்வதுபோலவே மாடியைப் பார்த்து வீசி எறிந்துவிட்டார். அதுவும் பக்கத்து வீட்டு மாடிக்குப் போயிற்று. ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் பிலோமின்ராஜ் எடுத்த எடுப்பிலேயே, விழுந்த பல் எங்கேங்க என்று கேட்டார். சீக்கிரம் வந்தால் திரும்பப் பொருத்திப் பார்க்கலாம், நேரம் போனால் கஷ்டம் என்றார். அப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நான் பக்கத்து வீட்டு கமருன்னிசாவுக்கு போன் போட்டேன். அக்கா, மாடி முழுக்க ஜவ்வரிசி வடாம் காயுது, எல்லாமே வெள்ளையா இருக்கே என்றாள். ஆனாலும் ஒவ்வொன்றாகப் புரட்டிக் கண்டுபிடித்துவிட்டாள். டாக்டர் சொன்னபடி வேரைத் தொடாமல், தேய்க்காமல், டம்ளர் பாலில் போட்டுக் கொடுக்க, அவள் வீட்டுக்காரர் பரக்கத் அலி கடையை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோவில் ஓடிவந்தார். சட்டையெல்லாம் பால், பல் பத்திரம்.

பல்லைக் குழியில் வைத்துப் பக்கத்துப் பற்களோடு கம்பி கட்டினார்கள், தாடைக்குத் தையல் போட்டார்கள். பல் நிற்குமா என்று போகப்போகத்தான் தெரியும் என்றதும் நான் வேண்டாத சாமி இல்லை. கம்பியை எடுத்தபோது பல் அசையவில்லை. வேருக்கும் வைத்தியம் முடிந்தது, இன்னும் சில காலம் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். ரத்தம் பட்டிருக்குமோ என்று கமருன்னிசா அத்தனை வடாத்தையும் கொட்டிவிட்டாள். நான் ஜவ்வரிசி வாங்கிக்கொண்டு போனேன், நம்ம புள்ள பல்லைத் தேடினதுக்குக் கூலியா என்று கோபித்துக்கொண்டாள். அங்கேயே அழுதுவிட்டேன். இந்த நன்றியை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, நீயும் அவளிடம் ஒரு வார்த்தை பேசு. அப்பா தினமும் தானே கஞ்சியை ஆற்றி இளவேனில் கையில் கொடுக்கிறார். நீயும் அங்கே வாடகை ஸ்கூட்டரில் நின்றபடி போகிற படம் அனுப்பினாயே, ஹெல்மெட் இல்லாமல் இனி ஏறாதே.

இது கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு, நான் எடுத்து அவள் முன்னால் பிடிக்கிறேன். இப்போதெல்லாம் வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் பேசுகிறாள். தாடையில் தழும்பு நன்றாகவே தெரியும். உன் முகம் கொஞ்சம் மாறினாலும் அந்தக் கை கீழே இறங்காது. அழ வேண்டியதை இந்தக் கடிதத்தோடு அழுது முடித்துவிட்டு வா, கண்ணா.

நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இரு.

உன் அம்மா,
சந்திரம்மாள்