ஹெரால்டில் நான் அடைத்த ஓட்டைகள்

தோணிரேவு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கிறிஸ்டினாவுக்கு நைனா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் இங்கே சுகம், தோகாவில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்றால் இன்னும் சுகம். போனில் கார் பேச்சை எடுத்தாலே அம்மாவிடம் கொடு என்கிறாய், கடிதத்தில் அது முடியாது பார், அதனால் எழுதுகிறேன்.

டிசம்பரில் நீ வருவதற்குள் நம் பழைய ஹெரால்ட் காரை விற்றுவிடச் சொன்னாய். உப்புக் காற்றில் அது தாங்காது, இந்த வயதில் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடக்க வேண்டாம் என்றாய். முப்பது வருஷம் படகு இன்ஜினைப் பிரித்து மாட்டிய கை இது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன், சாவியைத் திருப்பினதும் பிடிக்கிறது. ஆனால் உன்னிடம் மறைக்கவில்லை, போன மாதம் இடது பக்கத் தரைத்தகட்டில் கால் வைத்தேன், கால் மண்ணைத் தொட்டது. தகடு துருவேறி அப்பளமாக நொறுங்கிவிட்டது. அன்றைக்கு மனசு விட்டுப்போயிற்று, பொன்னேரியில் பழைய இரும்பு எடுக்கும் துளசிங்கத்தை வரச் சொல்லிவிட்டேன்.

அவர் வருவதற்குள் கடைசியாக ஒரு தடவை கழுவிவிடலாம் என்று தண்ணீர் ஊற்றினேன். நண்டு ஆய்ந்துகொண்டிருந்த அம்மா எழுந்து வந்து கதவை ஆட்டினாள், உள்ளே தளக் தளக்கென்று சத்தம். இந்தத் தண்ணீர் எப்படி வெளியே போகும் என்று கேட்டாள். எப்படியும் போகாது கண்ணு. கார் வாங்கிய புதிதில் கதவுக்கு அடியிலும் தரையிலும் வரிசையாக ஓட்டைகளைப் பார்த்து, எவன் இப்படி விட்டுவைத்தான் என்று திட்டிக்கொண்டே, படகுக்கு அடைப்பதுபோல ரெசின் வைத்து ஒன்று விடாமல் அடைத்தவன் நான்தான். "இன்னாய்யா, படகுக்குத் தண்ணி கீழேருந்து வரும். இதுக்கு மேலேருந்துதானே வருது?" என்றாள் அம்மா. மழைத் தண்ணீர் வடிய விட்ட ஓட்டைகள் அவை. காரைத் தின்றது உப்புக் காற்று இல்லை, என் கைதான். வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது.

துளசிங்கத்துக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். எல்லா ஓட்டையையும் திறந்துவிட்டு, துருவை வெட்டியெடுத்து, புதுத் தகடு வெல்டிங் வைத்தாயிற்று. கிழிந்திருந்த மடக்குக் கூரையை அம்மாவே வலை முடிகிற நைலான் நூலால் தைத்தாள், நேற்றைய மழையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. மழை விட்டதும் கூரையை மடக்கிப் பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போனோம். ஆறு வருஷமாக இதில் ஏற மாட்டேன் என்று சாதித்தவள், புதுத் தகட்டை இரண்டு முறை மிதித்துப் பார்த்துவிட்டு ஏறினாள். திரும்பும்போது மெதுவாகப் போகச் சொன்னாள், பயந்து இல்லை, ஊர் பார்க்கட்டும் என்று. நானும் வீடு வரைக்கும் இரண்டாம் கியரை மாற்றவில்லை.

ஆகையால் கார் எங்கேயும் போகாது. டிசம்பரில் ஏர்போர்ட்டுக்கு அதில்தான் வருவேன். ஆண்டவர் உன் கூடவே இருந்து கூட்டி வரட்டும். தலைக்குக் கட்ட ஒரு துணியைக் கைப்பையிலேயே வைத்துக்கொள். பெட்டியோடு நீ பின் சீட்டில்தான் உட்கார வேண்டும், முன் சீட் இனி அம்மாவுடையது.

முத்தங்களுடன்,
உன் நைனா
வின்சென்ட்